அந்தரத்து அட்சதை

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் என்றால் ஊரிலுள்ள கால்களெல்லாம் வீங்கிப்போயிருக்கும் நாள் என்று அர்த்தம். மறுநாள் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எவனும் தாலி கட்டமாட்டான் என்பதால், சித்திரையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்த கல்யாணங்களையெல்லாம், நிரம்பி வழிகிற டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டுகிற மாதிரி, அந்த மாதத்துக்குள் அமுக்கிப் பூட்டியிருந்தார்கள். சமையல்காரர்கள் நின்றபடியே தூங்கவும், தவில்காரர்கள் தூங்கியபடியே வாசிக்கவும், ஐயர்கள் ஒரு மண்டபத்தில் ஆரம்பித்த மந்திரத்தை அடுத்த மண்டபத்தில் முடிக்கவும் பழகியிருந்தார்கள். விருந்தாளிகளோ ஒரே பட்டுச்சேலையில், ஒரே வெள்ளை வேட்டியில், இங்கே தலையைக் காட்டி, அங்கே இலையைப் பார்த்து, இன்னோரிடத்தில் தாம்பூலப்பை வாங்கி, எந்தப் பெண்ணை எந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்பதே குழம்பிப்போய் அலைந்துகொண்டிருந்தார்கள். அப்படியொரு நாளில், சாத்தூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு மண்டபத்தில், மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டுகிற திரவியத்தின் மகள் சண்முகக்கனிக்குக் கல்யாணம். அங்கேதான் இது நடந்தது. நடக்கவேயில்லை என்று சொல்கிறவர்கள் அன்றைக்குப் பாதியில் எழுந்து போனவர்கள். அவர்கள் பேச்சை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை அரிகிருஷ்ணன் தோகாவில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும், ஏறினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்ப முடியும். கனிக்கு ஏற்கெனவே ஒருதரம் நிச்சயம் ஆகி நின்றுபோய், அதற்கப்புறம் ஜாதகம் கேட்டு வருகிறவர்கள் வாசலிலேயே தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற நிலைமை வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் நேர விஷயத்தில் மட்டும் இரும்பு. அவளுடைய மூத்த மகளுக்கு நேரம் தவறித் தாலி கட்டி, அந்த வருஷம் தீருவதற்குள் அந்தப் பெண் வெறுங்கழுத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அதனால் நிச்சயத்தன்றே குருவம்மாள் சபையில் வைத்துச் சொல்லிவிட்டாள்: "நல்ல நேரத்துக்குள்ள கட்டினா கட்டு, இல்லைன்னா எம்மகன் கழட்டி வச்ச மாலையோட ஏரோப்பிளேன் ஏறிருவான். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

எல்லாம் நேரத்துக்கு நடந்துகொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. பெண்ணின் தாய்மாமன் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணை அறையிலிருந்து மணமேடைக்குத் தாய்மாமன்தான் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும். அப்பன் கூட்டி வரக்கூடாது, அண்ணன் கூட்டி வரக்கூடாது, பெண் தானாகவே நடந்து வந்தாலோ அது ஓடிவந்த கல்யாணம். கனியின் அம்மா சொர்ணம் இறந்து பல வருஷமாகிறது. சொர்ணத்துக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி, பால்வண்ணம். பாறைக்குளத்தில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருக்கிறான். கனிக்குக் காது குத்தினபோது மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவன். அந்தப் பால்வண்ணம் முதல்நாள் ராத்திரியும் வரவில்லை, விடிந்தும் வரவில்லை, போனை அணைத்து வைத்திருந்தான்.

பட்டுக்கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மட்டும் மணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து மணை காலி. ஐயர் சொல்ல வேண்டிய மந்திரத்தையெல்லாம் சொல்லி முடித்து, சொல்லத் தேவையில்லாததையும் சொல்லி முடித்து, நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது கல்யாணம். தவில் நாகலிங்கத்துக்கு எத்தனையாவது என்று அவனுக்கே தெரியாது. சபையில் நாங்கள் விடிகாலையிலேயே கையில் வாங்கி வைத்துக்கொண்ட மஞ்சள் அரிசி வியர்வையில் ஒட்டிக்கொள்ள, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஐயருக்குக் கொட்டாவி வந்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை. ஆனி மாதம் முழுவதற்குமான கொட்டாவி. அதோடு சேர்த்து வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரலை நீட்டிச் சோம்பல் முறித்தார். கண்ணை மூடியும் மூடாமலும் இருந்த நாகலிங்கத்துக்கு ஒரு கல்யாணத்தில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஐயர் விரலை நீட்டினால் கெட்டிமேளம். அடித்தான். நாதஸ்வரம் திடுக்கிட்டுக் கூடவே ஓடியது. தூக்கத்திலிருந்த சபை, கெட்டிமேளம் கேட்டால் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. இருநூறு முந்நூறு கைகள், முன்வரிசைக் குருவம்மாள் கை உட்பட, அரிசியை வீசின. மேடையில் பெண் இல்லை என்பதையே வீசின பிறகுதான் பார்த்தோம். அது மட்டும் விழுந்திருந்தால் அரிகிருஷ்ணன் அந்தக் காலி மணைப்பலகைக்கே வாழ்க்கைப்பட்டிருப்பான்.

விழவில்லை.

அரிசியோடு கலந்திருந்த பூவிதழ்கள் விழுந்தன, பூவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அரிசி மட்டும் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, காலி மணைக்கும் மேலே, மேடையிலிருந்து மூன்றாவது வரிசை வரைக்கும் அந்தரத்தில் நின்றது. மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்தது, விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் மினுங்கியது, ஆனால் இறங்கவில்லை.

யாரும் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அலுப்பு அப்படி. வீடியோக்காரர் மட்டும், "அப்படியே இருக்கட்டும், ஒரு நிமிஷம்," என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். சமையல்காரர் கீழேயிருந்து ஏறிவந்து அண்ணாந்து பார்த்து, "இது சாம்பார்ல விழுமா விழாதா, அதைச் சொல்லுங்க, மூடி வைக்கணும்," என்றார். மண்டப மேனேஜருக்கு வேறு கவலை. சாயங்காலம் வேறொரு பார்ட்டியின் வரவேற்பு இருக்கிறது, மேலே தொங்குகிறதைக் கூட்டுவதற்கு ஆளும் இல்லை, அவ்வளவு நீளத்துக்கு விளக்குமாறும் இல்லை. பின்வரிசையில் ஒருத்தர், தான் வாழ்த்திவிட்டதாகவும், விழுகிறதும் விழாததும் தன் பொறுப்பில்லை என்றும், ஆகவே முதல் பந்தியில் உட்காரலாமா என்றும் கேட்டார். "தாலி ஏறாம இலை போட முடியாது," என்றார்கள். "அப்ப அரிசி மட்டும் ஏறலாமாக்கும்," என்று அவர் மறுபடி சாய்ந்துகொண்டார்.

சந்தேகத்துக்கு ஒருத்தி தட்டில் மிச்சமிருந்த அரிசியை அள்ளி வீசிப் பார்த்தாள். அது எப்போதும்போல அரிகிருஷ்ணனின் சட்டைக் காலருக்குள் விழுந்தது. நின்றது முதலில் போட்டது மட்டும்தான்.

குருவம்மாள் எழுந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், திரவியத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நேரம் முடியப் போகுது. பொண்ணு அறைக்குள்ள, மாமன் ஊருக்குள்ள, அரிசி ஆகாசத்துல. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

திரவியம் வாயைத் திறந்தார், அதற்குள் நேரம் முடிந்தே போனது. ராகுகாலம் பிறந்தது. மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. அறைக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை. குருவம்மாள் மகனைப் பார்த்து, "மாலையைக் கழட்டுய்யா," என்றாள்.

அப்போதுதான் ஐயர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை கொட்டாவி இல்லை. "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. அட்சதை கையை விட்டுக் கிளம்பிடுத்து. தலையில இன்னும் சேரலை. கிளம்பினதுக்கும் சேர்றதுக்கும் நடுவில இருக்கறது எல்லாம் ஒரே முகூர்த்தம்தான். கிளம்பினது நல்ல நேரத்தில. அது கீழே விழற வரைக்கும் அந்த நேரம்தான் ஓடறது, நீங்க கடிகாரத்தைப் பார்க்காதேங்கோ."

"எந்த சாஸ்திரத்துல இருக்கு சாமி?"

"இதுவரைக்கும் எங்கே தொங்கித்து, சாஸ்திரத்தில எழுதறதுக்கு?"

குருவம்மாள் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் மூத்த மகளின் கல்யாணம் ஒருதரம் நடந்து முடிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. "சரி. கடைசி ஒரு மணி அரிசி மேல இருக்கிற வரைக்கும் இருப்பேன். அதுவும் விழுந்துட்டா நான் சொன்னது சொன்னதுதான்," என்று உட்கார்ந்தாள். அந்த நிமிஷத்திலிருந்து மண்டபத்தில் கடிகாரத்தை யாரும் மதிக்கவில்லை. ராகுகாலம் வாசல் வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்து, தனக்கு இங்கே வேலை இல்லை என்று அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

உடனே பால்வண்ணத்தைக் கூட்டி வரத் திரவியத்தின் தம்பிமார் இரண்டு பேர் ஆட்டோவில் கிளம்பினார்கள். அவர்கள் வாசற்படியைத் தாண்டிய அதே சமயத்தில், மேடையின் இடது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பிடி அரிசி, சர்ரென்று தரையில் கொட்டியது.

புரிந்துகொள்ள எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. போட்டவர் மண்டபத்துக்குள் இருக்கிறவரை அவர் போட்டது மேலே இருக்கும். போட்டவர் படியிறங்கினால் அதுவும் இறங்கிவிடும். அவ்வளவுதான் கணக்கு. பின்வரிசைக்காரர் வெற்றிலை துப்ப வாசலுக்குப் போனவர், இந்தச் சேதி காதில் விழுந்ததும் ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு, எட்டித் துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

தம்பிமார் திரும்பி வந்தார்கள். ஆட்டோவிலிருந்து இரண்டே பேர்தான் இறங்கினார்கள்.

"வர மாட்டாராம்," என்றான் பெரியவன். "பத்திரிகையை எடுத்துக் காட்டுறார். 'தாய்மாமன் முறை பால்வண்ணம்'னு போட்டிருக்காம். முறைன்னா என்ன அர்த்தம்னு கேக்கிறார். தெருவில போறவனெல்லாம் முறைக்கு மாமன்தான, நான் கூடப்பிறந்தவனா, முறைக்குச் சொல்லிக்கிறவனான்னு கேக்கிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல."

எல்லாரும் திரவியத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அச்சாபீசில் 'தாய்மாமன்' என்று ஒரே வார்த்தையாக மொட்டையாக நின்றதாம். மச்சினனுக்கு மரியாதை குறைந்துவிடுமோ என்று அவரே பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னாராம். "முறைன்னா மரியாதைன்னுதான நான் நினைச்சேன்," என்றார்.

"மோட்டார்ல ஒரு சுத்து கூடுதலாச் சுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார் ஐயர்.

"புகைஞ்சிரும் சாமி."

"அதேதான்."

"அவர் இன்னொண்ணும் சொன்னார்," என்றான் சின்னவன், மெதுவாக. "அக்கா இருந்தவரைக்கும் மாமன், அக்கா போனதும் முறையான்னார்."

திரவியம் தானே போய்க் காலில் விழுவதாகக் கிளம்பினார். விடவில்லை. பெண்ணைப் பெற்றவர் போட்ட அரிசி பெரிய பிடி, அது விழுந்தால் மேடைக்கு நேர் மேலே ஓட்டை விழும் என்று பெண்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் போனார், அவருடைய அரிசி கொட்டியது, ஆள் வெறுங்கையோடு வந்தார். ஊர் நாட்டாமை போனார், அதுவும் கொட்டியது, அவரும் அப்படியே வந்தார். சமாதானத்துக்குப் போகிற ஒவ்வொருத்தரும் நேரத்தில் ஒரு பிடியைக் கொட்டிவிட்டுப் போக வேண்டியிருந்ததால், கூப்பிடப் போவதா, கூப்பிடாமல் காப்பாற்றி வைத்துக்கொள்வதா என்றே சபையில் சண்டை வந்தது. அந்தச் சண்டையும் அலுப்பில் பாதியில் நின்றுபோனது.

பசி தாங்காமல், தாலிக்கு முன்னாலேயே பந்தி போட்டார்கள். சாப்பாட்டுக்கூடம் கீழே, அதே கூரைக்குள் இருந்ததால் அரிசிக்குக் குந்தகம் இல்லை. விடைகொடுக்கும் தாம்பூலப்பையை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், பை கைக்கு வந்தால் கால் தானாக வாசலுக்கு நடக்கும் என்று அவற்றை ஒரு அறையில் வைத்துப் பூட்டினார்கள். அப்பளம் தீர்ந்து, பாயசம் தீர்ந்து, ரசம் இரண்டாவது தடவை தண்ணீராகி வந்தது. சாப்பிட்டவர்கள் மேலே ஏறி வந்து, விரித்த ஜமுக்காளத்தில், தொங்குகிற அரிசிக்குக் கீழே மல்லாந்து படுத்து, "அந்தா அது என்னுது, டியூப்லைட்டுக்குப் பக்கத்துல," "உன்னுதா அது, எம்புட்டுக் கஞ்சத்தனமாப் போட்டிருக்க," என்று அடையாளம் சொல்லிக்கொண்டே தூங்கினார்கள். சிட்டுக்குருவி ஒன்று ஜன்னல் வழியாக வந்து நாலைந்து மணியைக் கொத்திவிட்டுப் போனது. அதை யாரும் விரட்டவில்லை, அதற்கும் யாராவது இலை போட வேண்டுமே.

நான் போட்டது எங்கே என்று நீங்கள் கேட்கலாம். கெட்டிமேளம் அடித்தபோது நான் உண்மையாகவே தூங்கிவிட்டேன், அரிசி கைக்குள்ளேயே இருந்தது. பந்திக்கு முன்னால் பசியில் அதை ஒவ்வொன்றாக மென்று தின்றுவிட்டேன். மஞ்சள் கொஞ்சம் தூக்கல்.

மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருத்தருக்குக் கடைசி பஸ், ஒருத்தருக்கு மாட்டில் பால் கறக்க வேண்டும், ஒருத்திக்கு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாக அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நான் சின்னப் பிடிதான் போட்டேன், ஒண்ணும் குறையாது," என்று ஒவ்வொருத்தரும் தலையைக் குனிந்துகொண்டு, மணப்பெண் அறைப் பக்கம் பார்க்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்க, உள்ளே அவர்கள் பிடி கொட்டுகிற சத்தம், சின்ன மழை ஓட்டில் விழுகிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அறைக்குள் ஒருதரம் வளையல் அசையும். வெயில் ஜன்னல் மாறியது. எமகண்டம் வந்தது, போனது. சாயங்காலப் பார்ட்டியின் அலங்காரக்காரர்கள் பலூன் வளைவைத் தூக்கிக்கொண்டு வந்து, நிலைமையைக் கேட்டு, வளைவைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்தார்கள்.

அரிகிருஷ்ணன் காலை மாற்றி மாற்றி மடித்துக்கொண்டு மணையிலேயே இருந்தான். கங்கணம் கட்டினவன் எழுந்திருக்கக் கூடாது. ஒருதரம் மட்டும் பக்கத்தில் வந்த சித்தியிடம், "அந்தப் பிள்ளை ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டான். சித்தி இல்லை என்றாள். தனக்குக் கொண்டுவந்த காபியை அறைக்குக் கொடுத்துவிட்டான். டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

திரவியத்தின் அரிசியும் ஒரு கட்டத்தில் விழுந்தது. அவர் எங்கேயும் போகவில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டே தூங்கி, தள்ளாடி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய் முழித்துக்கொண்டார். மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அறைக்கதவு திறந்தது. கனி வெளியே வரவில்லை, நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். காலையில் வைத்த பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அரிசி போடாதவங்க யாரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால், அதைக் காலையிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். இரண்டு கையும் தவிலில் இருந்ததால் அரிசி போட முடியாதவன் ஒருத்தன் அங்கேயே உட்கார்ந்திருந்தான், கொட்டாவியைக் கெட்டிமேளமாக்கின அதே நாகலிங்கம். விரல்களில் மாட்டின கூடுகளைக்கூடக் கழற்றாமல் எழுந்து வந்தான்.

"அண்ணே, நீங்க போயி மாமாகிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லணும். மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம்," என்றாள் கனி. குரலில் அழுகை இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "பத்திரிகையில முறைன்னு போட்டது உறவுக்கு இல்ல, செய்ய வேண்டியதுக்கு. எனக்கு அவர் செய்ய வேண்டிய முறை ஒண்ணு மிச்சம் இருக்கு, வேற எவனும் அதைச் செய்ய முடியாது, வந்து செய்யச் சொல்லுங்க. அப்பா மேல இருக்கிற கோவத்தை விட வேண்டாம். நாளைக்கு ஆடி பொறக்குது, ஒரு விசேஷமும் கிடையாது, மாசம் பூராவும் உக்காந்து நிம்மதியாக் கோவிச்சுக்கிடட்டும். இன்னைக்கு மட்டும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

நாகலிங்கம் மேனேஜரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனான். ஒரு மணி அரிசிகூட விழவில்லை.

அவன் போனபோது மேலே மிச்சமிருந்தது மூன்று நான்கு பிடி. அவன் வருவதற்குள் அலங்காரக்காரர்களை வழி விடச் சொல்லிக்கொண்டு இரண்டு குடும்பம் இறங்கிப் போனது. பின்வரிசைக்காரர், அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் முணுமுணுத்தவர், எல்லாரையும்விட அதிக நேரம் இருந்துவிட்டு, சர்க்கரை மாத்திரை வீட்டில் இருப்பதாகக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் பார்த்தால் இரண்டு மணைக்கும் நடுவில், சரியாக ஒரே ஒரு பிடி அரிசி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று தெரியவில்லை. மண்டபத்தில் ஐயர், மேனேஜர், நாதஸ்வரக்காரர், நான், வீட்டுக்காரர்கள் சிலர். எல்லாரும் போடாதவர்கள், அல்லது போட்டதை இழந்தவர்கள்.

குருவம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போதும். காத்திருந்தது போதும். மாமனும் வரல, ஒண்ணும் வரல. இதுக்கு மேல இருந்தா மரியாதை இல்லை," என்று வாசலைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு பிடி ஒரு சாண் இறங்கியது. அவள் நிலைப்படியை நெருங்கும்போது அரிகிருஷ்ணனின் தலைப்பாகையைத் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டது.

அரிகிருஷ்ணன் மேலே பார்த்தபடி, "அம்மா," என்றான்.

அவள் திரும்பினாள். அரிசியைப் பார்த்தாள். நிலைப்படியைப் பார்த்தாள். மணப்பெண் அறையின் திறந்த கதவையும், அதற்குள் சுவரில் சாய்ந்து நின்றவளையும் பார்த்தாள். அப்புறம், எதையோ மறந்து வைத்துவிட்டவள்போலத் திரும்பி நடந்து வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அரிசி மெதுவாக மேலே ஏறிப் பழைய இடத்தில் நின்றது.

"முழங்கால் வலிக்கு, கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னால் பால்வண்ணம் உட்கார்ந்திருந்தான். பட்டுவேட்டியும், பட்டுத்துண்டும், நெற்றியில் விடிகாலையிலேயே வைத்துக் காய்ந்துபோன சந்தனமும். நாகலிங்கம் பிறகு சொன்னான், தான் போய்ச் சேர்ந்தபோதே பால்வண்ணம் அந்த வேஷத்தில்தான் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தானாம். சேதியைக் கேட்டு முடித்துவிட்டு, "மாசம் பூராவுமா?" என்று கேட்டானாம். "பூராவும்," என்றானாம் நாகலிங்கம். கடையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டானாம்.

உள்ளே வந்தவன் திரவியத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "மாப்ளே," என்றார் திரவியம். பால்வண்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மச்சான்கிட்ட நான் ஆடி முடிஞ்சு பேசிக்கிறேன்," என்று நடந்தான். அறைவாசலில் நின்று கையை நீட்டினான். கனி கையைக் கொடுத்தாள். கொஞ்ச தூரம்தான், மேடைக்கு. ஆனால் இருவரும் அதை மெதுவாக நடந்தார்கள். நடுவில் பால்வண்ணம் ஒருதரம் நின்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க அழாதீங்க மாமா, காது குத்தினப்பவே பாத்துட்டேன்," என்றாள் கனி. அவளை மணையில் உட்கார வைத்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான்.

ஐயர் இந்த முறை மிகவும் கவனமாக, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு எந்த நோக்கமும் இல்லாமல் விரலை நீட்டினார். நாகலிங்கம் அவர் முகத்தையும் விரலையும் இரண்டு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டு அடித்தான். அரிகிருஷ்ணன் தாலி கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தது.

அரிசி விழவில்லை.

மேளம் ஓய்ந்தது. ஐயர் அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வேறு அரிசியும் கிடையாது. தரையில் கொட்டினதையெல்லாம் மேனேஜர் ஏற்கெனவே கூட்டி வாரியிருந்தார். இரண்டு தலைக்கும் நேர் மேலே, விளக்கு வெளிச்சத்தில், அந்த ஒரு பிடி அசையாமல் நின்றது.

குருவம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. மகனின் கழுத்து மாலையை, பக்கத்தில் குனிந்திருந்தவளை, ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "நான் போனாத்தான அது விழும்," என்றாள். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விடிந்ததிலிருந்து எந்த நேரத்துக்காக உட்கார்ந்திருந்தாளோ அந்த நேரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். யாரோ கைகொடுக்கப் போனார்கள், வேண்டாம் என்றாள். நிலைப்படியைத் தாண்டி, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கி, கண்ணுக்கு மறைந்துபோனாள்.

உள்ளே சத்தம் கேட்டது. ஒரு பிடிதான் என்பதால் பெரிய சத்தம் ஒன்றுமில்லை.

வெளியே இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "விழுந்துருச்சா?"

கனிதான் தலையைத் தூக்கினாள். "விழுந்துருச்சு அத்தை."

"யார் தலையில?"

கனி தன் தலையைத் தடவிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவன் தலைப்பாகையையும் பார்த்தாள். "எந்தலையிலதான் நிறைய."

"சரி, இருக்கட்டும்," என்றாள் குருவம்மாள்.

"உள்ள வாங்க அத்தை."

"இரு தாயி. இறங்கினதுக்கே முழங்கால் ஒப்பாரி வைக்கு. மெள்ள வாரேன்."

நாங்கள் காத்திருந்தோம். அன்றைக்கு எங்களுக்கு அதில் நல்ல பழக்கம் வந்திருந்தது.